கோபுரத்தடியில் பிடித்த கை: திருவண்ணாமலையில் அருணகிரிநாதர்

ஓம் சரவணபவ.

அருணகிரிநாதர் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு டி.எம்.சௌந்தரராஜன் முகம்தான் ஞாபகம் வரும். 1964ல் வந்த படம். நம்ம அப்பா அம்மா சின்ன வயசில் பார்த்தது, நாம யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தது. பெண் மோகத்தில் சொத்தை எல்லாம் அழித்தார், நோய் வந்தது, அக்கா சொன்ன ஒரு வார்த்தையில் மனம் உடைந்து கோபுரத்தில் ஏறிக் குதித்தார், முருகன் தாங்கினார், பாட ஆரம்பித்தார். இந்த நாலு வரிக் கதையை வாட்ஸ்அப்பில் குறைந்தது இருபது தடவையாவது நமக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள்.

இந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடங்கள் எல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கு. திருவண்ணாமலை கோயிலுக்குள் கிழக்கு வாசல் வழியாக நுழைந்து உள்ளே போகப் போக அவர் வாழ்க்கை வரிசையாக வரும். ஆனால் நாம பௌர்ணமிக்குப் போகிறோம், கிரிவலம் சுற்றுகிறோம், கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போய் அண்ணாமலையாரைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். போன மாதம் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, என் காலேஜ் நண்பனையும் கூட்டிக்கொண்டு நிதானமாகப் போனேன். அங்கே பார்த்ததையும், அதை ஒட்டிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அவர் பார்க்காத ராஜகோபுரம்

முதலில் ஒரு விஷயம். கிழக்கே நிற்கும் அந்த பிரம்மாண்டமான ராஜகோபுரம், 11 நிலை, 217 அடி, அதை அருணகிரிநாதர் பார்த்ததே கிடையாது.

எப்படிச் சொல்கிறோம்? அவர் தன் பாட்டு ஒன்றில் பிரபுடதேவ மகாராஜன் என்று ஓர் அரசனைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். விஜயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயருக்கு பிரௌட தேவராயர் என்று பெயர் உண்டு. அவர் ஆட்சி 1446 வரைக்கும். அதனால் அருணகிரிநாதர் காலம் பதினைந்தாம் நூற்றாண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ராஜகோபுரத்தை ஆரம்பித்தவர் கிருஷ்ணதேவராயர். அவர் பட்டத்துக்கு வந்ததே 1509ல். அதை முடித்தவர் தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். ஆயிரங்கால் மண்டபமும் கிருஷ்ணதேவராயர் காலத்து வேலைதான்.

அதனால் அருணகிரிநாதர் நடந்த கோயில் நமக்கு வேண்டுமென்றால் ராஜகோபுரத்தைத் தாண்டி, ஆயிரங்கால் மண்டபத்தையும் மனசுக்குள் அழித்துவிட்டு, எதிரே தெரியும் அடுத்த கோபுரத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் வல்லாள கோபுரம். அவர் குதித்ததாகச் சொல்லும் கோபுரம் இதுதான். கணக்கும் சரியாக வருது. இதைக் கட்டியவர் ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன். அவர் இறந்தது 1340களின் ஆரம்பத்தில். ஆக, அருணகிரி பிறக்கும் முன்பே இந்தக் கோபுரம் நின்றுகொண்டிருந்தது.

வல்லாள மகாராஜாவுக்கு ஒரு தனிக்கதை. அவருக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது தலபுராணம். இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பக்கத்து ஊரான பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், அந்த ராஜாவுக்கு மகன் ஸ்தானத்தில் திதி கொடுக்கிறார். நூற்றாண்டுகள் கழிந்தும் சாமியே அப்பாவுக்குத் திதி கொடுக்கிற ஊர் அது. பிள்ளையில்லாதவருக்குப் பிள்ளையாக வந்த சிவன் கோயிலில், யாரும் வேண்டாம் என்று தள்ளிய ஒருவனுக்குத் துணையாக முருகன் வந்தார்.

பாட்டில் இருக்கும் கதை

அருணகிரியின் சிறு வயது பற்றி ஊரில் வழங்கும் கதை நமக்குத் தெரியும். அம்மா முத்து சீக்கிரம் போய்விட்டார். அக்கா ஆதி வளர்த்தார். தம்பி கேட்கும்போதெல்லாம் காசு கொடுத்துக் கொடுத்து, கடைசியில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போச்சு. அப்போது அக்கா மனம் நொந்து, உனக்கு வேண்டியது ஒரு பெண் உடம்புதானே, என்னையே எடுத்துக்கொள் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அந்தச் சொல் நெருப்பு மாதிரி சுட்டது. நேராகப் போய் கோபுரத்தில் ஏறினார்.

இதெல்லாம் செவிவழிக் கதை. அவர் பாட்டில் அக்கா கிடையாது, கோபுரமும் கிடையாது. விலைமகளிர் மோகத்தில் அலைந்ததையும், பொருள் போனதையும், நோய் வந்ததையும் பாட்டுக்குப் பாட்டு தன்மேல் போட்டுப் பாடுகிறார் என்பது உண்மை. இது அவர் சொந்தக் கதை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். உலகத்தார் செய்யும் தப்பை எல்லாம் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நமக்காகப் பாடினார் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு திருப்புகழ் இருக்கு. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அதில் அவர் சொல்வதன் சாரம் இதுதான். மனைவி சிரிக்கிறாள். ஊரே சிரிக்கிறது. பெண்கள் சிரிக்கிறார்கள். அப்பாவும் சொந்தக்காரர்களும் சலித்துப் போய்விட்டார்கள். எல்லோரும் வாய்க்கு வந்ததைப் பேசி இழிவு செய்கிறார்கள். மனசுக்குள் இருட்டு ஏறிக்கொண்டே போகிறது. இந்த உடம்பை எடுத்ததற்கு இதுதானா பலன் என்று நினைத்து உயிரை விடத் துணிந்தபோது, முருகா, நீ பக்கத்தில் வந்து உன் பாதத்தைக் கொடுத்தாய், அதை மறுபடியும் கொடு என்று கேட்கிறார்.

பாருங்க, சினிமாவில் வரும் எதுவுமே இதில் இல்லை. ஆனால் நடுவில் இருக்கும் உண்மை அப்படியே இருக்கு. கேலி, அவமானம், மன இருட்டு, உயிரை விடும் எண்ணம், கடைசி நொடியில் நெருங்கி வந்த ஒருவன். கோபுரக் கதையை ஊர் சும்மா கட்டிவிடவில்லை. அவரே பாடி வைத்ததைத்தான் ஊர் கல்லில் இடம் காட்டி வைத்திருக்கு.

கோபுரத்திளையனார் முன்னால்

வல்லாள கோபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன முருகன் சன்னதி இருக்கு. கோபுரத்திளையனார் என்று பெயர். இளையனார் என்றால் இளையவர், சிவனுக்கு இளைய பிள்ளை. விழுந்த அருணகிரியை முருகன் கையில் ஏந்தியது இந்த இடத்தில்தான் என்பார்கள். நிறையப் பேர் இதைக் கவனிக்காமலே படியேறிப் போய்விடுகிறார்கள்.

என்னோடு வந்த நண்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆறு மாதமாக அவனுக்கு வேலை இல்லை. ஒருநாள் காலையில் மெயில், மதியம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாச்சு. அப்புறம் கல்யாணம் காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்கும் அவன் போவதில்லை. போனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி அவனுக்குத் தெரியும். பத்து வருஷப் பழக்கத்தில் எனக்கு அவனைத் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டின் அர்த்தத்தை நான் போனில் வைத்துப் படித்துச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொந்தக்காரன் சிரித்ததைக்கூடவா மச்சான் சாமிகிட்ட பாட்டா பாடினாரு?

ஆமாம், பாடியிருக்கிறார். ஒளிக்கவில்லை. மகான் ஆன பிறகும் அதை அழிக்கவில்லை. அறுநூறு வருஷம் கழித்து நாம் படிக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்துதான் அவன் எனக்கே தெரியாத சில ராத்திரிகளைப் பற்றிப் பேசினான். ஒரு மணி நேரம் பேசினான். நான் பதில் எதுவும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அடுத்த வாரம் ஒரு மனநல டாக்டரைப் பார்க்க நானும் கூடப் போனேன்.

இந்தக் கதையைப் பகிரும்போது நாம ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். குதித்தால் முருகன் தாங்குவார் என்பது இந்தக் கதையின் பாடம் இல்லை. சாகத் துணிந்தவனை முருகன் சாக விடவில்லை என்பதுதான் பாடம். வாழு, உனக்கு வேலை இருக்கு என்று திருப்பி அனுப்பினார். இன்றைக்கு அந்தக் கை நண்பனாக வரலாம், அம்மாவாக வரலாம், டாக்டராக வரலாம். மனசு இருட்டாக இருந்தால் 104க்கோ 14416க்கோ போன் பண்ணுங்க, பேச ஆள் இருக்காங்க. அதுவும் அவன் அனுப்பும் கைதான்.

முதல் சொல்

காப்பாற்றிய முருகன் உடனே பாடச் சொல்லிவிடவில்லை. பேச்சை எல்லாம் விட்டுவிட்டு அமைதியாக இருக்கச் சொன்னார். அருணகிரி கோயிலிலேயே தவம் இருந்தார். அப்புறம் முருகன் மறுபடியும் வந்து, வேலால் நாவில் எழுதி, பாடச் சொன்னார். எனக்கு என்ன பாடத் தெரியும் என்று இவர் திகைக்க, முத்து என்கிற சொல்லை முருகனே எடுத்துக் கொடுத்தார். அது அவர் அம்மா பெயர் என்பதும் கதையின் ஒரு பகுதி. அந்தச் சொல்லில் தொடங்கியதுதான் நாம எல்லோரும் மூச்சு வாங்கப் பாடிப் பழகும் முதல் திருப்புகழ்.

அடுத்த கட்டளை, வயலூருக்கு வா. திருச்சி பக்கத்தில் இருக்கும் வயலூர். அங்கே பொய்யாக் கணபதி அருளோடு பாட்டு வெள்ளமாக வர ஆரம்பித்தது. அதற்கு அப்புறம் எந்த ஊரைப் பாடினாலும் வயலூரை நடுவில் நினைத்துக்கொள்வார்.

அங்கிருந்து ஊர் ஊராக நடந்தார். ஆறுபடை வீடுகள் மட்டும் இல்லை. வடக்கே காசி, தெற்கே கடல் தாண்டி கதிர்காமம், திருகோணமலை என்று எல்லா ஊருக்கும் பாட்டு இருக்கு. முருகன் கோயில் மட்டுமா என்றால் அதுவும் இல்லை. பெரிய சிவன் கோயில்களுக்குப் போய் அங்கே இருக்கும் முருகனையும் பாடுவார். திருமாலின் மருமகன் என்று முருகனைக் கூப்பிட்டு, அந்தச் சாக்கில் ராமன் கதையும் கண்ணன் கதையும் பாதிப் பாட்டுக்குச் சொல்வார். திருஞானசம்பந்தரை முருகனின் அவதாரமாகவே பாடினார். சைவம் வைணவம் என்று கமெண்டில் சண்டை போடும் நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

கம்பத்தில் வந்தவர்

திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்தபோது அடுத்த சோதனை. ராஜகோபுரம் நுழைந்ததும் இடது பக்கம் இருக்கும் கம்பத்திளையனார் சன்னதி இந்தக் கதைக்குச் சாட்சி. கம்பம் என்றால் தூண்.

தேவராய மகாராஜாவிடம் செல்வாக்காக இருந்தவர் சம்பந்தாண்டான். தேவி உபாசகர். அருணகிரியின் புகழ் அவருக்குப் பொறுக்கவில்லை. ராஜா முன்னால் ஒரு போட்டி வைத்தார். நான் என் தேவியை வரவழைக்கிறேன், இவர் முருகனை வரவழைக்கட்டும், தோற்றவர் ஊரை விட்டுப் போகட்டும். ஆனால் சம்பந்தாண்டான் கூப்பிட்டும் தேவி வரவில்லை. அருணகிரி பாடினார். அப்போதும் முருகன் வரவில்லை. தேவி தன் பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு விடவில்லையாம். அருணகிரி தாளம் மாற்றி, மயில் ஆட, காளி ஆட, உலகமே ஆட என்று ஒரு பாட்டைப் பாடினார். அம்மாவே எழுந்து ஆடிவிட்டாள், பிடி தளர்ந்தது, பிள்ளை ஓடி வந்துவிட்டான். மண்டபத் தூணைப் பிளந்துகொண்டு மயில் மேல் காட்சி கொடுத்தான். முன்னால் சொன்னேனே, தேவராயர் பெயர் வரும் பாட்டு. அது இந்தப் பாட்டுதான். அவர் காலத்தை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுவதற்கும் இந்த ஒரே பாட்டுதான் பெரிய ஆதாரம்.

கிளி கோபுரம்

வல்லாள கோபுரம் தாண்டினால் அடுத்து கிளி கோபுரம். சோழர் காலத்தது. மேலே பார்த்தால் கிளி உருவம் தெரியும்.

ராஜாவுக்குக் கண் பார்வை மங்கியது. தேவலோகத்துப் பாரிஜாதம் கொண்டு வந்தால் சரியாகும், அதை அருணகிரிதான் கொண்டு வர முடியும் என்று சம்பந்தாண்டான் சொல்லிவிட்டார். அருணகிரி தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு, இறந்துகிடந்த ஒரு கிளியின் உடம்பில் புகுந்து பறந்தார். இதற்குள் சம்பந்தாண்டான் ஆள் வைத்து, உயிரில்லாத உடம்பு என்று அதை எரித்துவிட்டார். பூவோடு திரும்பி வந்த கிளிக்குப் போக உடம்பு இல்லை.

இந்த இடத்தில்தான் அவர் எவ்வளவு மாறியிருந்தார் என்று தெரியும். உலகம் சிரித்தது என்று உயிரை விடப் போன அதே மனுஷன், இப்போது உடம்பையே எரித்த எதிரிமேல் ஒரு சாபம்கூட விடவில்லை. ராஜாவுக்குப் பூவைக் கொடுத்தார், கண் தெரிந்தது. இவர் கிளியாகவே கோபுரத்தில் உட்கார்ந்து 51 பாட்டு கொண்ட கந்தர் அனுபூதியைப் பாடினார், அப்புறம் முருகன் கையிலேயே போய் அமர்ந்தார் என்பது நம்பிக்கை. அனுபூதியைப் படித்துப் பாருங்க. திருப்புகழில் வரும் புலம்பல் அதில் அடங்கிப் போயிருக்கும். சின்னச் சின்னச் சொல், நேரான பேச்சு.

கருணைக்கு அருணகிரி என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பெரிய புலவர். வாதத்தில் தோற்றவர் காதை அறுத்துவிடுவாராம். அருணகிரி கந்தர் அந்தாதி பாட, அவர் ஒவ்வொன்றாக உரை சொல்லிக்கொண்டு வந்தார். 54ஆவது பாட்டு முழுக்கத் தகர வரிசை எழுத்துகளாலேயே ஆனது. அதில் மாட்டிக்கொண்டார். அருணகிரி காதைத் தொடவே இல்லை. உரையையும் தானே சொல்லிவிட்டு, இனிமேல் யார் காதையும் அறுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவமானம் எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர் அடுத்தவரை அவமானப்படுத்தவில்லை.

பாட்டு நம் கைக்கு வந்த வழி

அவர் பாடியது 16,000 என்பார்கள். இன்றைக்குக் கிடைப்பது சுமார் 1,300. இதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1871 வாக்கில் சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றை ஆதாரமாகக் காட்டினார்கள். நீதித்துறையில் வேலை பார்த்த வ.த.சுப்பிரமணிய பிள்ளை அதைக் கேட்டு மயங்கிவிட்டார். பின்னால் மாவட்ட முன்சீப் ஆன அவர், வேலைக்கு நடுவே ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஓலைச்சுவடி தேடினார். 1894லும் 1901லும் இரண்டு பாகமாக அச்சில் கொண்டுவந்தார். அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை எல்லாவற்றுக்கும் உரை எழுதினார். வள்ளிமலை சுவாமிகள் ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார். டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில் 365 படிக்கும் திருப்புகழ் பாடி ஏறுகிறோமே, 1917ல் அவர் ஆரம்பித்ததுதான் அது.

யோசித்துப் பாருங்க. ஒரு முழுநேர வேலையில் இருந்துகொண்டு, லீவு நாளில் சுவடி தேடிய ஒருவரால்தான் இன்றைக்கு நம்ம போனில் ஒரு தட்டு தட்டினால் திருப்புகழ் வருது. டைம் இல்லை என்று சொல்லும் நமக்கெல்லாம் அவர் ஒரு பாடம்.

அடுத்த தடவை திருவண்ணாமலை போகும்போது அவசரப்படாதீங்க. கம்பத்திளையனார், கோபுரத்திளையனார், கிளி கோபுரம், இந்த மூன்று இடத்திலும் நின்று, மூன்று இடத்திலும் தெரிந்த ஒரு பாட்டாவது பாடுங்க. சந்தம் கஷ்டமாக இருந்தால் கவலை வேண்டாம். தினமும் அனுபூதியில் ஒன்று என்று ஆரம்பித்தால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இதை அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரிந்தவர்களில், கொஞ்ச நாளாகப் பேசாமல், குரூப்பில் எதுவும் போடாமல், விசேஷத்துக்கு வராமல் இருக்கும் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்க. அனுப்பிவிட்டு ஒரு போனும் பண்ணுங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!